காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் மரபணுவையும் மாறுபாட்டையும் கண்டுபிடிப்பது: முதல்முறை இறங்குபவர்களுக்கு

எம்.எஸ்ஸி. கடைசிப் பருவத் திட்டப்பணிக்காக, மருந்துக்கு மசியாத காசநோய்க் கிருமிகளின் டி.என்.ஏ.வைப் படித்து எந்த மரபணுவில் என்ன மாற்றம் என்று கண்டுபிடிக்க இறங்கினேன். முடிக்க ஏழு மாதம் ஆனது. கணினி முன்னால் உட்கார்ந்து செய்த உண்மையான வேலை மூன்று வாரம்கூட வராது. மீதி நாளெல்லாம் காகிதங்களுக்கும், திரும்பி வந்த மாதிரிகளுக்கும், முதலில் தப்பாகச் செய்ததை மறுபடி செய்வதற்கும் போனது. நீங்கள் இதே வேலையைத் தொடங்குகிறீர்கள் என்றால் அந்த நாட்களை மிச்சப்படுத்தலாம்.

காசநோய்க் கிருமியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதன் மரபணுத்தொகுதி, அதாவது மொத்த டி.என்.ஏ., சிறியது, சாதாரண மடிக்கணினியிலேயே வேலை முடியும். மனித டி.என்.ஏ.வுக்கும் படிகள் ஏறக்குறைய இவைதான், கணினியும் செலவும் மட்டும் பல மடங்கு பெருகும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

'மரபணுவைக் கண்டுபிடிப்பது', 'மாறுபாட்டைக் கண்டுபிடிப்பது' இரண்டும் வேறு வேறு வேலைகள். முதலாவதில், ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆன நீளமான டி.என்.ஏ. சரத்தில் எங்கே ஒரு மரபணு தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடுகிறோம். இரண்டாவதில், ஏற்கெனவே படித்து வைத்த ஒரு மாதிரிக் கிருமியோடு நம்முடையதை ஒப்பிட்டு, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று பார்க்கிறோம். இந்த இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று தெரியாமல் மென்பொருள் தேடப் போகாதீர்கள்.

காசநோய்க் கிருமிக்கு அந்த ஒப்பீட்டு மாதிரி தயாராக இருக்கிறது. ஹெச்37ஆர்வி என்ற வகை, 44,11,532 எழுத்துகள், ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். என் ஒருவரிக் கேள்வி இது: 'ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் என்ற இரண்டு காசநோய் மருந்துகளுக்கும் மசியாத இந்த 12 கிருமிகளில் எந்த எழுத்து மாறியிருக்கிறது?' நெறிமுறைக் குழுவுக்கும், டி.என்.ஏ.வைப் படித்துத் தரும் பரிசோதனை நிறுவனத்துக்கும், வாய்மொழித் தேர்வுக்கும் இதே வரிதான் கைகொடுத்தது.

2. காகிதங்களை முதல் நாளே தொடங்குங்கள்

கிருமி நோயாளியின் சளியிலிருந்து வந்தது என்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். 'நாங்கள் கிருமியை மட்டும்தானே பார்க்கிறோம், மனித டி.என்.ஏ.வைத் தொடவில்லையே' என்று நானும் வாதாடிப் பார்த்தேன். எடுபடாது. நோயாளியின் விவரம் அந்த மாதிரியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆகவே அனுமதி வேண்டும்.

என்னிடம் கேட்டவை: ஆய்வுத் திட்ட வரைவு, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒப்புதல் படிவம், வழிகாட்டியின் தன்விவரக் குறிப்பு, மாதிரி தரும் ஆய்வகத்தின் சம்மதக் கடிதம், நோயாளியின் பெயரை எப்படி மறைப்பீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு. இவற்றோடு உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். மாதிரியோ தரவோ வெளிநாட்டுக் கூட்டாளியிடம் போவதாக இருந்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு வரை போக வேண்டும். மாணவர் திட்டப்பணியில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் யோசனை.

நான் விழுந்த பள்ளம்: தமிழ் ஒப்புதல் படிவத்தில் இருந்த ஒரு பத்தி ஆங்கிலப் படிவத்தில் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. குழு அடுத்த முறை கூட இரண்டு மாதம் ஆனது. இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத் திட்டப்பணி என்றால் முந்தைய பருவத்திலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

பொதுத்தளங்களில் உள்ள தரவை மட்டும் பயன்படுத்தப் போகிறீர்களா? அப்போதும் 'விலக்கு' என்று குழுவிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். கட்டுரை வெளியிடும் நேரத்தில் கேட்பார்கள்.

3. காத்திருக்கும் நாட்களில் இலவசத் தரவில் கை பழகுங்கள்

இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம். உலகமெங்கும் ஆய்வாளர்கள் படித்த காசநோய்க் கிருமிகளின் மூலத் தரவு, ஐரோப்பிய நியூக்ளியோடைட் காப்பகத்திலும் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஏ. காப்பகத்திலும் பல்லாயிரக்கணக்கில் கிடக்கிறது. காசு இல்லை, பதிவு இல்லை. ஐரோப்பியக் காப்பகத்திலிருந்து, இயந்திரம் படித்த எழுத்துகள் இருக்கும் ஃபாஸ்ட்கியூ கோப்பை நேரடியாக இறக்கலாம் என்பதால் புதியவர்களுக்கு அது எளிது.

இரண்டு மாதிரிகளை எடுங்கள். ஒன்று, ஹெச்37ஆர்வி கிருமியையே யாரோ மறுபடி படித்த தரவு. அதை ஹெச்37ஆர்வியோடு ஒப்பிட்டால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மாற்றம் வர வேண்டும். நூற்றுக்கணக்கில் வந்தால் தப்பு உங்கள் முறையில் இருக்கிறது. இரண்டாவது, எந்த மருந்துக்கு மசியவில்லை என்று ஏற்கெனவே கட்டுரையில் வெளியான கிருமி. உங்கள் முறை அந்த மாற்றத்தைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியாக வராத வரை உங்கள் சொந்த மாதிரியைத் தொடாதீர்கள்.

4. டி.என்.ஏ.வைப் பரிசோதனை நிறுவனத்துக்கு அனுப்புவது

காசநோய்க் கிருமி மெதுவாக வளரும். எல்.ஜே. என்ற வளர்ப்பு ஊடகத்தில் கிருமிக் கூட்டம் கண்ணுக்குத் தெரியவே மூன்று முதல் எட்டு வாரம் ஆகும். உயிருள்ள கிருமியை உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில்தான் கையாள வேண்டும், ஆகவே கொன்ற பிறகு எடுத்த டி.என்.ஏ.வை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். 'இதில் தொற்றும் தன்மை இல்லை' என்ற கடிதத்தையும் அதே ஆய்வகத்திலேயே கையொப்பத்தோடு வாங்குங்கள். அது இல்லாமல் நிறுவனமும் எடுக்காது, கூரியரும் எடுக்காது.

அளவு விஷயத்தில் கவனம். டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் நானோடிராப் கருவியில் என் மாதிரிகள் தாராளமாகக் காட்டின. அனுப்பினேன். பன்னிரண்டில் ஐந்து 'போதுமான டி.என்.ஏ. இல்லை' என்று நின்றுவிட்டன. நானோடிராப் ஆர்.என்.ஏ.வையும் சேர்த்தே எண்ணும். க்யூபிட் கருவி இரட்டை இழை டி.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டும் சாயத்தை வைத்து அளக்கிறது. நிறுவனம் நம்புவது க்யூபிட் எண்ணைத்தான். உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் பக்கத்து ஆய்வகத்தில் கேட்டாவது அளந்து அனுப்புங்கள். எனக்கு இதில் மூன்று வாரமும், கூரியர் செலவு இரண்டு தடவையும் போயின.

விலை: நான் மூன்று நிறுவனங்களிடம் கேட்டபோது ஒரு மாதிரிக்கு 7,000 முதல் 14,000 ரூபாய் வரை சொன்னார்கள், வரி தனி. சிறிய மரபணுத்தொகுதியில் எழுத்துகளைப் படிக்க ஆகும் செலவைவிட, டி.என்.ஏ.வைத் துண்டாக்கி இயந்திரத்துக்குத் தயார் செய்யும் செலவுதான் பெரிது. அதனால் 'குறைவாகப் படியுங்கள், விலையைக் குறையுங்கள்' என்று பேரம் பேசுவதில் பெரிய பலன் இல்லை. நிறைய மாதிரிகளை ஒன்றாகக் கொடுத்தால்தான் குறைப்பார்கள். பக்கத்துத் துறை நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலைப்பட்டியலில் 'ஒரு ஜி.பி. தரவு' என்று இருந்தால், அது நூறு கோடி எழுத்துகளா அல்லது கோப்பின் எடையா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. கணக்கு எளிது: 44 லட்சம் எழுத்துகளை ஒவ்வொன்றும் சராசரியாக 100 தடவை படிக்க 44 கோடி எழுத்துகள் வேண்டும். 50 முதல் 100 தடவை வரை இருந்தால் நிம்மதி, 30க்குக் கீழே போனால் சந்தேகம் தீராது. இன்னும் ஒன்று: தரவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். எனக்குக் கொடுத்த இணைப்பு 30 நாளில் காலாவதியானது. வந்த அன்றே இறக்கி, கூடவே தரும் எம்.டி.5 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டு இடத்தில் வையுங்கள்.

5. கணினி

16 ஜி.பி. நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். லினக்ஸ் வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். நிறுவிக்கொள்ளலாம். ஆனால் கோப்புகளை விண்டோஸ் பக்கத்து அடைவில் வைத்து வேலை செய்யாதீர்கள், ஆமை வேகத்தில் போகும். லினக்ஸ் பக்கத்து அடைவுக்குள் நகர்த்திவிடுங்கள். மாதிரிப் பெயர்ப் பட்டியலை நோட்பேடில் தட்டினால் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும், 'கோப்பு இல்லை' என்று பிழை வரும். ஒரு முழு மாலை இதற்கே போனது.

மென்பொருள்கள் எல்லாமே இலவசம். மென்பொருள்களை நிறுவித் தரும் மினிஃபோர்ஜை முதலில் போட்டு, பயோகோண்டா என்ற உயிரியல் மென்பொருள் தொகுப்பு வழியாக இறக்குங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று அன்றன்றே ஒரு கோப்பில் குறித்து வையுங்கள். கட்டளை அடிக்கப் பயம் என்றால் கேலக்ஸி என்ற இணையதளத்தில் சுட்டியைச் சொடுக்கியே எல்லாம் செய்யலாம், கணினியின் பலமும் தேவையில்லை. வரிசையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

6. வந்த தரவு நல்லதா என்று பாருங்கள்

இயந்திரம் டி.என்.ஏ.வை ஒரே மூச்சில் படிப்பதில்லை. 150 எழுத்துள்ள லட்சக்கணக்கான துண்டுகளாகத் தருகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நம்பிக்கை மதிப்பெண் உண்டு. 20 என்றால் நூற்றில் ஒன்று தப்பாகலாம், 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. ஃபாஸ்ட்கியூசி என்ற மென்பொருள் இதைப் படமாகக் காட்டும். அதில் சிவப்புக் குறி ஒன்று வந்ததும் பதறாதீர்கள். காசநோய்க் கிருமியில் ஜி, சி எழுத்துகள் ஏறத்தாழ 65 சதவீதம் என்பதால் அந்தப் படம் மனிதத் தரவு போல இருக்காது. இயந்திரத்துக்குத் தயார் செய்யும்போது டி.என்.ஏ.வின் முனையில் சேர்த்த ஒட்டுத்துண்டுகளை வெட்டுவதற்கு ஃபாஸ்ட்பி என்ற மென்பொருள் போதும்.

கலப்படம்தான் பெரிய விஷயம். கிராக்கன்2 மென்பொருளால் எந்தத் துண்டு எந்த உயிரினத்தினுடையது என்று பார்க்கலாம். அதன் முழுத் தரவுத்தளம் மடிக்கணினி நினைவகத்தில் அடங்காது, 8 ஜி.பி. சுருக்கப் பதிப்பை எடுங்கள். என் பன்னிரண்டில் ஒன்று காசநோய்க் கிருமியே இல்லை, அதன் உறவுக்காரக் கிருமி. இந்தப் படியைத் தாண்டிப் போயிருந்தால் அதில் வந்த பல்லாயிரம் 'மாறுபாடுகளை' ஆய்வேட்டில் எழுதியிருப்பேன்.

7. துண்டுகளை அதனதன் இடத்தில் பொருத்துவது

பி.டபிள்யூ.ஏ. மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் ஹெச்37ஆர்வியில் அது பொருந்தும் இடத்தில் உட்கார வைக்கும். சாம்டூல்ஸ் அதை வரிசைப்படுத்தும், நகல் துண்டுகளுக்குக் குறி போடும். ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்கள்தான். பொருத்திய முடிவைச் சுருக்காமல் வைக்கும் சாம் கோப்பை இடைக்கோப்பாகச் சேமிக்காதீர்கள், வட்டு நிறைந்துவிடும். கட்டளைகளுக்கு நடுவே குழாய்க்குறி (|) போட்டு நேராக அதன் சுருக்க வடிவமான பாம் கோப்பாக மாற்றுங்கள்.

ஒப்பீட்டு வரிசையை இறக்கும்போது அதன் பெயரைப் பாருங்கள். ஓரிடத்தில் அது பதிவு எண்ணோடு இருக்கும், இன்னோரிடத்தில் வெறுமனே 'குரோமோசோம்' என்று இருக்கும். எழுத்துகள் ஒன்றே, பெயர்தான் வேறு. ஆனால் பின்னால், எந்த மாறுபாடு எந்த மரபணுவை என்ன செய்கிறது என்று சொல்லும் ஸ்னிப்எஃப் மென்பொருளிடம் கொடுக்கும்போது பெயர் பொருந்தாமல் எல்லா மாறுபாட்டுக்கும் பிழை காட்டும். முதலிலேயே ஒரே பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

8. மாறுபாடுகளை எடுப்பது

இப்போது ஒவ்வொரு இடத்திலும் 60, 70 துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒப்பீட்டு மாதிரியில் சி இருக்கும் இடத்தில் எல்லாத் துண்டுகளும் டி என்று சொன்னால் அது மாறுபாடு. இரண்டு துண்டு மட்டும் சொன்னால் இயந்திரத்தின் தப்பாக இருக்கலாம். இந்தத் தீர்ப்பை பி.சி.எஃப்.டூல்ஸ் புள்ளியியல் வைத்துச் சொல்கிறது.

இங்கேதான் என் மிகப் பெரிய தப்பு. அந்த மென்பொருள், நீங்கள் வேறு சொல்லாவிட்டால், உயிரினத்துக்கு இரண்டு பிரதி மரபணுத்தொகுதி உண்டு என்று எடுத்துக்கொள்ளும், மனிதருக்கு இருப்பது போல. பாக்டீரியாவுக்கு ஒன்றுதான். 'பிளாய்டி 1' என்று கொடுக்க வேண்டும். கொடுக்காததால் பாதிப் பாதி மாறுபாடுகளாக ஏராளம் வந்தன. அவற்றை நம்பி 'கலப்புத் தொற்று' என்று ஒரு அத்தியாயமே எழுதத் தொடங்கிவிட்டேன்.

வடிகட்ட நான் வைத்த அளவு: குறைந்தது 10 துண்டுகள், அவற்றில் 90 சதவீதம் மாற்றத்தைச் சொல்ல வேண்டும், இரண்டு திசைத் துண்டுகளிலும் அது தெரிய வேண்டும். அப்புறம், பி.இ., பி.பி.இ. என்ற மரபணுக் குடும்பங்களை ஒதுக்குங்கள். மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவைதான். ஒன்றைப் போலவே இன்னொன்று இருப்பதால் குட்டித் துண்டுகள் இடம் மாறி உட்கார்ந்து பொய்யான மாறுபாடு காட்டும்.

மாறுபாடுகளின் எண்ணிக்கையைப் பார்த்தே எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கலாம். காசநோய்க் கிருமியின் கிளைகளில் தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் முதல் பரம்பரையைச் (லீனியேஜ் 1) சேர்ந்த கிருமி என்றால் ஹெச்37ஆர்வியிலிருந்து ஏறத்தாழ 2,000 எழுத்து மாற்றம் இருக்கும். 20,000 வந்தால் கிருமியே வேறு. 50 வந்தால் ஆய்வக ஹெச்37ஆர்வி கலந்துவிட்டதா என்று பாருங்கள்.

9. கண்ணால் பாருங்கள்

பொருத்திய துண்டுகளைப் படமாகக் காட்டும் ஐ.ஜி.வி. மென்பொருளைத் திறந்து, ஆய்வேட்டில் எழுதப்போகும் ஒவ்வொரு மாறுபாட்டின் இடத்துக்கும் போய்ப் பாருங்கள். துண்டுகளின் ஓரத்தில் மட்டும் மாற்றம் தெரிகிறதா? பக்கத்திலேயே ஒரு நீக்கம் இருக்கிறதா? அப்படியானால் சந்தேகப்படுங்கள். பெரிய நீக்கங்கள் எழுத்து மாற்றப் பட்டியலில் வரவே வராது, அந்த இடத்தில் துண்டுகளே இல்லாமல் வெற்றிடமாகக் கிடக்கும். என் ஒரு மாதிரியில் ஐசோநியாசிட் ஏன் வேலை செய்யவில்லை என்று பட்டியல் சொல்லவில்லை. ஐ.ஜி.வி.யில் பார்த்தால், அந்த மருந்து வேலை செய்யத் தேவையான கேட்-ஜி மரபணுவில் பாதியைக் காணோம்.

10. மரபணுவையே தேட வேண்டும் என்றால்

ஒப்பீட்டு மாதிரியில் இல்லாத பகுதியோ புதிய கிருமியோ கையில் இருந்தால், ஸ்பேட்ஸ் மென்பொருளால் துண்டுகளைக் கோத்து நீள்சரமாக்கி, மரபணுக்கள் எங்கே என்று குறித்துத் தரும் ப்ரோக்கா அல்லது பாக்டா மென்பொருளிடம் கொடுங்கள். அவற்றுக்கு உள்ளே இருக்கும் ப்ராடிகல், தொடக்கக் குறிக்கும் நிறுத்தக் குறிக்கும் இடையே தடையில்லாமல் ஓடும் நீளங்களைத் தேடும். நிறுத்தக் குறிகள் மூன்று: டி.ஏ.ஏ., டி.ஏ.ஜி., டி.ஜி.ஏ. தொடக்கம் ஏ.டி.ஜி. மட்டும்தான் என்று பள்ளியில் படித்ததை இங்கே நம்பாதீர்கள். இந்தக் கிருமியில் மரபணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் ஜி.டி.ஜி.யில் தொடங்குகின்றன. சொந்தமாக நிரல் எழுதி ஏ.டி.ஜி. மட்டும் தேடிய என் தோழி அவற்றையெல்லாம் தவறவிட்டார்.

கிடைத்த மரபணு என்ன செய்கிறது என்பதை, தெரிந்த புரதங்களோடு ஒப்பிட்டுத்தான் மென்பொருள் சொல்கிறது. பலவற்றுக்கு 'ஊகப் புரதம்' என்றே வரும். அது பிழை அல்ல.

11. மாறுபாட்டுக்குப் பொருள் சொல்வது

ரிஃபாம்பிசினுக்கு நீங்கள் அதிகம் பார்க்கப்போவது 7,61,155ஆம் இடத்தில் சி போய் டி வருவது. ஆர்பிஓ-பி மரபணுவில் 450ஆம் அமினோ அமிலம் செரின், அது லியூசின் ஆகிறது. பழைய கட்டுரைகளில் இதையே 531 என்று எழுதியிருப்பார்கள். அது ஈ.கோலை கிருமியின் எண் வரிசை. இரண்டும் ஒரே மாற்றம். இது தெரியாமல் இரண்டு தனி மாறுபாடுகளாக அட்டவணை போட்டிருந்தேன்.

ஐசோநியாசிடுக்கு 21,55,168ஆம் இடத்தில் சி போய் ஜி. கட்டுரையிலோ ஜி போய் சி என்று இருக்கும். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் சிக்கு எதிரே ஜி இருக்கும்; கேட்-ஜி மரபணு எதிர் இழையில் இருக்கிறது, மாறுபாடுகளின் பட்டியலான வி.சி.எஃப். கோப்பு எப்போதும் நேர் இழையைத்தான் எழுதும். 315ஆம் செரின் திரியோனின் ஆவது என்று அமினோ அமிலத்தில் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

மரபணுவுக்கு வெளியே இருப்பதையும் தூக்கி எறியாதீர்கள். 16,73,425இல் சி போய் டி வருவது எந்தப் புரதத்தையும் மாற்றுவதில்லை. அது ஃபேப்ஜி1 மரபணுவுக்கு 15 எழுத்து முன்னால், மரபணுவை இயக்கிவிடும் தூண்டுபகுதியில் இருக்கிறது. அதனால் ஐசோநியாசிட் தாக்கும் இன்ஹெச்-ஏ புரதம் அதிகமாக உருவாகி, மருந்து வலுவிழக்கிறது. புரதம் மாறியவற்றை மட்டும் வடிகட்டினால் இது போய்விடும்.

எந்த மாற்றம் உண்மையில் மருந்தைத் தடுக்கிறது, எது சும்மா கூட வருகிறது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் மாறுபாட்டுப் பட்டியலைப் பாருங்கள். 2021இல் முதல் பதிப்பும் 2023இல் இரண்டாம் பதிப்பும் வந்தன, இலவசம். இரண்டாம் பதிப்பை எடுங்கள். டிபி-ப்ரொஃபைலர் என்ற மென்பொருள் எல்லாப் படிகளையும் ஒரே கட்டளையில் செய்து தரும். அதை முதலிலேயே ஓட்டாமல், உங்கள் முடிவு வந்த பிறகு சரிபார்க்க வைத்துக்கொண்டால் நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

12. உறுதிசெய்து ஒப்படைப்பது

முக்கியமான இரண்டு மூன்று மாறுபாடுகளை, ஒரு சிறு பகுதியை மட்டும் படிக்கும் சாங்கர் முறையில் தனியே படித்துப் பாருங்கள். அந்தப் பகுதியைப் பிடித்துக்கொடுக்கும் குட்டி டி.என்.ஏ. துண்டான பிரைமர் வந்துசேர ஒரு வாரம், முடிவு வர இன்னொரு வாரம், செலவு ஒரு மாதிரிக்குச் சில நூறு ரூபாய்தான். நோயாளியின் சிகிச்சையை மாற்றும் முடிவை மாணவர் ஆய்விலிருந்து எடுக்கக் கூடாது. ஏதாவது தெரியவந்தால் மாதிரி தந்த ஆய்வகத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனையில் மறுபடி பார்ப்பார்கள்.

அரசு நிதியில் செய்த வேலை என்றால் மூலத் தரவை ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் எங்கே, எந்த ஆண்டு, எந்தத் திசுவிலிருந்து எடுத்தது என்று நிரப்பச் சொல்லும் அட்டவணை நீளமானது. அந்த விவரங்களை மாதிரி கைக்கு வரும் நாளிலேயே குறித்து வையுங்கள். நான் ஆறு மாதம் கழித்து அந்த ஆய்வகப் பதிவேட்டைப் புரட்டக் கேட்டு இரண்டு நாள் அலைந்தேன்.

இப்போது தொடங்கினால் நான் போடும் கால அட்டவணை இது: நெறிமுறை அனுமதிக்கு மூன்று மாதம், அந்த நாட்களிலேயே இலவசத் தரவில் பயிற்சி. கிருமி வளர்த்து டி.என்.ஏ. எடுக்க இரண்டு மாதம். நிறுவனத்திடமிருந்து தரவு வர ஆறு வாரம் (நான்கு வாரம் என்றுதான் சொல்வார்கள்). ஆய்வுக்கு மூன்று வாரம், சாங்கருக்கு இரண்டு வாரம். பணத்தில் மாதிரிகளுக்கு ஆகும் தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள், ஏதாவது ஒரு மாதிரி கட்டாயம் மறுபடி போக வேண்டியிருக்கும். வெளிப்புற வன்தட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் அளவில் ஒதுக்கி, தரவு வரும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.